இரண்டாம் பால்

வெள்ளைக் காகிதத்தின் தலையில் 'வீட்டில் பீர் காய்ச்சுவது' என்று எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டு, பேனாவுக்கு மை ஊற்ற உள்ளே போனேன். திரும்பி வந்தபோது என் மனைவி மேஜையருகில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஆடி வெள்ளிக்கிழமையும் அதுவுமாய், எழுதுவதற்கு உங்களுக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்றாள்.

"இது குடியைப் பற்றிய கட்டுரை இல்லை, சமையலறையைப் பற்றிய கட்டுரை" என்றேன்.

அவள் முகத்தில் நம்பிக்கை தோன்றவில்லை. வாசகர்களில் பலருக்கும் தோன்றாது. ஆகையால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் குடிப்பவனும் அல்ல. குடிக்கும்படி யாருக்கும் சிபாரிசு செய்ய வந்தவனும் அல்ல. இங்கிலாந்தில் பல நூறு வருஷ காலம் பெண்கள் தங்கள் வீட்டு அடுப்பில் ஒரு வேலை செய்து வந்தார்கள். அந்த வேலை எப்படி அவர்கள் கையை விட்டுப் போயிற்று, போனதால் அந்த வீடுகளுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

இந்த விஷயத்தை எனக்கு முதன்முதலில் அறிமுகம் செய்து வைத்தவன் ஒரு துஷ்டன். கல்லூரியில் எங்களுக்கு 'ஒதெல்லோ' பாடமாக இருந்தது. இரண்டாம் அங்கத்தில், சைப்ரஸ் தீவின் துறைமுகத்தில் எல்லாரும் கப்பலுக்காகக் காத்திருக்கும்போது, டெஸ்டிமோனா பொழுதுபோக்காக இயாகோவிடம் வாய் கொடுக்கிறாள். அழகு, அறிவு, அடக்கம் எல்லாம் நிரம்பிய ஒரு பெண் இருந்தால் அவள் எதற்குத் தகுதி என்பது கேள்வி. அசட்டுப் பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துவிட்டு, வீட்டின் சின்ன பீருக்குக் கணக்கு வைத்துக்கொண்டு கிடக்கத்தான் லாயக்கு என்கிறான் இயாகோ. எங்கள் பேராசிரியர், "ஸ்மால் பீர் என்றால் அற்ப விஷயம்" என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார். நானும் பென்சிலால் ஓரத்தில் 'அற்ப விஷயம்' என்று குறித்துக்கொண்டேன்.

எத்தனையோ வருஷங்களுக்குப் பிறகுதான் ஒரு சந்தேகம் தோன்றியது. வீட்டுக்கு வீடு பெண்கள் கணக்கு வைத்துக்கொள்ளும்படியாக அப்படி என்ன சாமான் அது? அற்பம் என்ற அர்த்தமே அதன் பெயரால் வழங்கும் அளவுக்கு அது எப்படி எங்கும் நிறைந்திருந்தது? தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

சமாசாரம் இதுதான். பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி முளைகட்ட விட்டு, முளை நீளுவதற்குள் சூட்டில் உலர்த்திவிட்டால் அதற்கு மால்ட் என்று பெயர். நம் வீடுகளில் மாவு டப்பாக்களின் மேல் பார்க்கிறோமே, அதே மால்ட்தான். இதைக் கொரகொரப்பாக உடைத்து, ஒரு மரத்தொட்டியில் கொட்டி, வெந்நீர் விட்டுக் கிளறி மூடி வைப்பார்கள். வெந்நீர் கொதிக்கவும் கூடாது, ஆறவும் கூடாது. உஷ்ணமானி இல்லாத காலத்தில் இதற்கு ஒரு கைக்கணக்கு இருந்தது. தொட்டியில் ஊற்றிய கொதிநீரின் ஆவி அடங்கி, குனிந்து பார்க்கிறவளின் முகம் தண்ணீரில் தெரிய ஆரம்பித்தால் அதுதான் பதம். இன்றைய அளவில் சுமார் 65 முதல் 70 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும். அந்தச் சூட்டில் மால்ட்டின் மாவுச்சத்து தானாகவே சர்க்கரையாக மாறுகிறது. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத் தொட்டியின் அடியிலுள்ள அடைப்பைத் திறந்தால், தித்திப்பான சாறு வடியும். அதுதான் முதல் வடிப்பு. கனமான ஏல் காய்ச்சுவதற்கு அதை எடுத்துவைத்துக்கொள்வார்கள். பிறகு அதே மால்ட்டின் மேல் மறுபடியும் வெந்நீர் விட்டு இரண்டாவது வடிப்பு. சில வீடுகளில் மூன்றாவதும் உண்டு. இந்தக் கடைசி வடிப்பிலிருந்து வருவதுதான் சின்ன பீர்.

இதை நான் என் மனைவிக்கு விளக்கிச் சொன்னபோது அவள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: "தேங்காய்ப்பால் மாதிரி. முதல் பால் பாயசத்துக்கு; இரண்டாம் பால் குழம்புக்கு."

இதைவிட நன்றாக நான் சொல்ல முடியாது. அவளிடமிருந்தே இந்தக் கட்டுரைக்குத் தலைப்பையும் எடுத்துக்கொண்டேன்.

மேலே நடப்பதும் அவளுக்குப் புதிதாக இல்லை. வடித்த சாற்றைத் தாமிரக் கொப்பரையில் கொதிக்கவைத்து, அகலமான தொட்டிகளில் ஆறவிட்டு, போன தடவை காய்ச்சியதன் மேல் திரண்ட நுரையில் கொஞ்சம் எடுத்து இதில் விடவேண்டும். பாலுக்கு உறை ஊற்றுகிறோமே, அதேதான். அந்த நுரை என்ன என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அவர்கள் காலத்துப் பண்டிதர்களுக்கும் தெரியாது. லூயி பாஸ்டர் பீரைப் பற்றித் தம் ஆராய்ச்சிப் புத்தகத்தை வெளியிட்டது 1876-ல்தான். அதற்கு முன் இங்கிலீஷ்காரர்கள் அந்த நுரைக்கு வைத்திருந்த பெயர்களில் ஒன்றுக்கு, 'கடவுள் நல்லவர்' என்பது பொருள். தெரியாத சக்திக்கு வைக்கப்பட்ட மிக மரியாதையான பெயர் அது என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? அதற்கு மொழியே சாட்சி. இங்கிலீஷில் பீர் காய்ச்சுகிறவன் 'ப்ரூயர்', காய்ச்சுகிறவள் 'ப்ரூஸ்டர்'. நூல் நூற்கிறவளுக்கு 'ஸ்பின்ஸ்டர்' என்று பெயர் வந்ததும் இதே வழியில்தான். ஜூடித் பென்னட் என்ற சரித்திர ஆசிரியை, பழைய கிராமக் கச்சேரிகளின் அபராதப் பட்டியல்களைப் புரட்டிப் பார்த்து, 1300 முதல் 1600 வரையுள்ள இந்தப் பெண்களின் கதையை 1996-ல் புத்தகமாக வெளியிட்டார். 1348-49 வருஷங்களில் வந்த பெருங்கொள்ளை நோய்க்கு முன்பு, கிராமத்தில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்களே. அந்தக் கால ஏல் சில நாட்களில் புளித்துக் கெட்டுவிடும். ஆகவே ஒரு வீட்டில் காய்ச்சினால் தன் வீட்டுக்கு வேண்டியதை வைத்துக்கொண்டு, மீதியை அக்கம்பக்கத்தில் விற்றுவிடுவார்கள். வாசலில் ஒரு கழியை நட்டால், 'இன்று இங்கே ஏல் கிடைக்கும்' என்று அர்த்தம். அடுத்த வாரம் இன்னொரு வீட்டு வாசலில் கழி நிற்கும். விதவைகளும், புருஷன் சம்பாத்தியம் போதாதவர்களும் இதில் நாலு காசு பார்த்தார்கள். 13-ஆம் நூற்றாண்டிலேயே சர்க்கார் இதற்கு விலையும் அளவும் விதித்துச் சட்டம் செய்தது. தவறினவர்களுக்கு அபராதம் போட்டார்கள். அந்த அபராதப் பட்டியல்தான் இன்று நமக்குக் கிடைத்திருக்கும் பெயர்ப் பட்டியல். ஏழைப் பெண்கள் சரித்திரத்தில் இடம் பெறுவதற்கு அபராதம் கட்டவேண்டியிருந்தது!

இவர்களில் ஒருத்தி மட்டும் தன் கதையைத் தானே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நார்ஃபோக் சீமையில் லின் என்ற துறைமுக ஊர். மேயர் பதவி வகித்தவரின் மகள். பெயர் மார்ஜரி கெம்ப். 1430-க்கு மேல், எழுதத் தெரிந்தவர்களிடம் வாயால் சொல்லி அவள் எழுதிவைத்த வரலாறு, 1934-ல்தான் ஒரு பழைய வீட்டில் அகப்பட்டது. இங்கிலீஷில் எழுந்த முதல் சுயசரிதை என்று அதைச் சொல்கிறார்கள். அதில் அவள் பீர் காய்ச்சிய கதை வருகிறது. ஊரில் பெரிய அளவில் ஏல் காய்ச்சியவர்களில் அவளும் ஒருத்தி. ஆனால் மூன்று நாலு வருஷங்களில் எல்லாம் நஷ்டம். வேலை தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் மேலே அழகாகத் திரண்டு நிற்கும் நுரை திடீரென்று அமுங்கிவிடும். தொட்டி தொட்டியாக எல்லாம் பாழ். வேலைக்காரர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு போய்விட்டார்கள். தன் கர்வத்துக்குக் கடவுள் கொடுத்த தண்டனை என்று அவள் முடிவுகட்டினாள். உறை கெட்டுப்போனது என்று சொல்ல அன்று யாரும் இல்லை. தோசை மாவு பொங்காத நாளில் வீட்டில் நிலவும் மௌனத்தை அறிந்தவர்களுக்கு மார்ஜரியின் துயரம் புரியும்.

ஏறக்குறைய அவள் காலத்தில்தான் கடல் கடந்து ஒரு புது வஸ்து வந்தது. அது ஹாப் என்ற கொடியின் பூ. கொதிக்கும் சாற்றில் அதைப் போட்டால் கசப்பும் வாசனையும் ஏறுவதோடு, பானம் மாதக் கணக்கில் கெடாமலும் இருக்கும். ஹாப் போட்டதற்குப் பீர் என்றும், போடாததற்கு ஏல் என்றும் ஆரம்பத்தில் பெயர் வழங்கின. 1542-ல் ஆண்ட்ரூ போர்ட் என்ற வைத்தியர், ஏல்தான் இங்கிலீஷ்காரனுக்கு ஏற்றது, பீர் டச்சுக்காரனுக்கு உரியது என்று எழுதிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. கெடாத சரக்கு என்றால் பெரிய அளவில் காய்ச்சலாம், பீப்பாயில் அடைத்து வண்டியில் ஏற்றலாம், கப்பலிலும் அனுப்பலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், கிடங்கு வேண்டும், கடன் கொடுக்க ஆள் வேண்டும். கடன் கொடுப்பவர்கள் அண்டை வீட்டு அம்மாளுக்குக் கொடுப்பதில்லை. 1600-ஆம் வருஷத்துக்குள், விற்பனைக்குப் பீர் காய்ச்சுவது நகரங்களில் பெரும்பாலும் ஆண்களின் தொழிலாகிவிட்டது. வாசல் கழிகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

ஆனால் வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சும் வழக்கம் போகவில்லை. முக்கியமாக, இரண்டாம் பால் போகவில்லை. அது குழந்தைகளுக்கும், வேலைக்காரர்களுக்கும், வயலில் அறுப்பவர்களுக்கும் உரிய பானம். போதை சொற்பம், தாகத்துக்குத்தான் அதைக் குடித்தார்கள். பள்ளிக்கூடங்களில்கூடக் கொடுத்தார்கள். சார்லஸ் லாம் லண்டனில் க்ரைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற தர்மப் பள்ளியில் படித்த சிறுவன். 1820-ல் அந்தப் பள்ளியைப் பற்றி எழுதிய கட்டுரையில், காலையில் துண்டு ரொட்டியோடு மரக்குவளையில் ஊற்றிய நீர்த்துப்போன சின்ன பீரையும், அதில் வீசிய தோல் ஜாடியின் வாசனையையும் நினைவு கூர்கிறார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பது தெரிகிறது. பள்ளி விடுதியில் கொடுத்த எது யாருக்குப் பிடித்திருக்கிறது?

இங்கே ஒரு கட்டுக்கதையைத் தீர்த்துவிடவேண்டும். 'அந்தக் காலத்தில் தண்ணீர் விஷம். ஆகையால் எல்லாரும் பீரையே குடித்தார்கள்' என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது முழு உண்மை அல்ல. 13-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் நகரத்தார் செலவு செய்து, குழாய் வைத்து, ஊருக்குள் நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடிக்காத தண்ணீருக்கு யார் குழாய் போடுவார்கள்? 1725-ல் லண்டன் அச்சுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த இளைஞர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் தண்ணீர்தான் குடித்தார். அவருடைய சகாக்கள் காலை எழுந்ததிலிருந்து வேலை முடியும்வரை வேளைக்கு ஒரு குவளை கனமான பீர் குடித்துவிட்டு, அவரைத் 'தண்ணீர் அமெரிக்கன்' என்று பரிகாசம் செய்தார்கள். பீரில் உள்ள பலம் அதில் கரைந்த பார்லியின் பலம்தான், அதைவிட ஒரு காசு ரொட்டியில் மாவு அதிகம் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர்கள் ஒப்பவில்லை. சம்பளத்தில் வாராவாரம் பீருக்குப் பணம் கழிந்தது.

ஆனால் கட்டுக்கதைக்குள்ளும் ஒரு பருக்கை உண்மை உண்டு. பீர் கொதிக்கவைத்த நீர். 1854-ல் லண்டன் ப்ராட் தெருவில் காலரா வந்து ஜனங்கள் கூட்டமாக மடிந்தபோது, ஜான் ஸ்னோ என்ற டாக்டர் அந்தத் தெருப் பம்பின் தண்ணீரே காரணம் என்று கண்டுபிடித்தார். அதே தெருவில் ஒரு பீர் ஆலை இருந்தது. அங்கே எழுபதுக்கு மேற்பட்ட ஆட்கள் வேலை செய்தார்கள். ஒருவர்கூடக் காலராவில் சாகவில்லை. ஆலையில் அவர்களுக்குப் பீர் இனாம். போதாததற்கு ஆலைக்குள்ளேயே தனிக் கிணறு. தெருப் பம்பை அவர்கள் நாடவே இல்லை.

இனி, வீட்டுக் கொப்பரை அணைந்த கதைக்கு வருகிறேன். இதற்கு ஒரே குற்றவாளியைக் காட்ட முடியாது.

முதலில் வரி. உள்நாட்டு யுத்தத்துக்குப் பணம் வேண்டி 1643-ல் பார்லிமெண்டு பீருக்கு வரி போட்டது. கனமான பீருக்கு ஒரு விகிதம், சின்ன பீருக்கு அதைவிடக் குறைந்த விகிதம். 1697-ல் மால்ட்டுக்கே வரி வந்தது. 1711-ல் ஹாப்புக்கும் வந்தது. நெப்போலியனோடு நடந்த யுத்தத்தில் மால்ட் வரி பல மடங்கு ஏறியது. மால்ட் வரியில் ஒரு விசித்திரம் உண்டு. அது மூட்டைக்கு வரி. பிரபு தம் மாளிகையில் காய்ச்சும் ஏலுக்கும், கூலிக்காரன் மனைவி குழந்தைகளுக்கு வடிக்கும் மூன்றாம் வடிப்புக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது விறகு. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான தனிச் சட்டங்களால் ஊர்ப் பொது நிலங்களை வேலி போட்டு அடைத்தார்கள். பொதுப் புறம்போக்கில் சுள்ளி பொறுக்கி வந்தவளுக்கு இப்போது விறகு கடைச்சரக்கு. பீர் காய்ச்ச நீரைச் சுட வைத்து, மறுபடி சாற்றையும் மணிக்கணக்கில் கொதிக்கவைக்க வேண்டும். கொப்பரை வேண்டும், பீப்பாய் வேண்டும், மால்ட்டுக்கு மொத்தமாகப் பணமும் வேண்டும். வாரக் கூலியில் மொத்தமாகப் பணம் ஏது?

மூன்றாவது தேயிலை. 1784-ல் பிரதம மந்திரி பிட், கள்ளக் கடத்தலை ஒழிப்பதற்காக, நூற்றுக்கு 119 என்றிருந்த தேயிலை வரியை 12½ ஆகக் குறைத்தார். யுத்தத்தில் அது மறுபடி ஏறியது வாஸ்தவம். ஆனால் அதற்குள் பழக்கம் வேரூன்றிவிட்டது. தேநீருக்கு ஒரு சின்னக் கெட்டில் போதும். ஒரு கை சுள்ளி போதும். வாரத்துக்கு ஓர் அவுன்ஸ் வாங்கினாலும் கடைக்காரன் கொடுப்பான். ஏழைக் குடும்பத்துப் பெண் நாக்கு ருசிக்காகத் தேநீருக்கு மாறவில்லை. அடுப்பையும் மடிப்பணத்தையும் பார்த்து மாறினாள்.

இந்த மாறுதலைக் கண்டு ஒரு மனிதர் ஆத்திரம் கொண்டு கூச்சலிட்டார். அவர்தான் வில்லியம் காபெட். ஹாப் தோட்டங்கள் நிறைந்த ஃபார்னம் ஊரில் 1763-ல் பிறந்தவர். பேனாவைக் கத்தியாகப் பிடித்த பத்திரிகாசிரியர். சிப்பாய்களைக் கசையால் அடித்ததைக் கண்டித்து எழுதியதற்காக இரண்டு வருஷம் நியூகேட் சிறையில் இருந்தவர். 1821-22-ல் அவர் 'குடிசைச் சிக்கனம்' என்ற பொருள்படும் பெயரில் மாதாமாதம் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். ரொட்டிக்கும் பசுவுக்கும் பன்றிக்கும் முன்னால் அவர் எடுத்துக்கொண்ட முதல் விஷயமே வீட்டில் பீர் காய்ச்சுவதுதான். நாற்பது வருஷங்களுக்கு முன் தம் ஊர்ப்பக்கத்தில் வீட்டில் காய்ச்சாத கூலிக்காரனே கிடையாது, இப்போது காய்ச்சுகிறவனைத் தேடவேண்டியிருக்கிறது என்று அங்கலாய்த்தார். ஒரு கூலிக்காரக் குடும்பத்துக்கு, குளிர்காலத்தில் குறைவாகவும் அறுவடைக் காலத்தில் கூடுதலாகவும், வருஷத்துக்கு 274 காலன் பீர் வேண்டும் என்று மாதவாரியாகக் கணக்குப் போட்டார். மால்ட் சக்கையைத் தின்ற பன்றி கொழுக்கும், தேயிலைச் சக்கையைத் தின்ற பன்றி செத்துப்போகும், எது உணவு என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார். தேநீரின் மேல் அவர் சொன்ன பழிகளெல்லாம் நியாயமானவை அல்ல. உருளைக்கிழங்கையும் அவர் அதே வேகத்தில் வைதார்.

ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் என்னைச் சிந்திக்க வைத்தது. வீட்டில் பீர் இருந்தால் புருஷன் மாலையில் வீட்டில் இருப்பான்; இல்லாவிட்டால் சாராயக்கடைக்குப் போவான் என்றார் அவர். 1830-ல் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. பீர் மேலிருந்த வரியை எடுத்துவிட்டது. மால்ட் வரியை அப்படியே விட்டது. இரண்டு கினி கட்டணம் கட்டினால் எந்த வரி செலுத்தும் குடித்தனக்காரனும் தன் வீட்டைப் பீர்க்கடையாக்கலாம் என்றது. கிராமத்துக்குக் கிராமம் கடைகள் முளைத்தன. இதன் பலன் என்ன? முன்பு ஒரே மேஜையில் எல்லாரும் ஒரே ஜாடியிலிருந்து குடித்தார்கள். இப்போது புருஷன் கூலிப் பணத்தோடு கடையில். மனைவியும் குழந்தைகளும் பால் இல்லாத தேநீரோடு வீட்டில். இரண்டே வருஷத்தில், 1832-ல், ப்ரெஸ்டன் நகரத்தில் ஜோசஃப் லிவ்ஸி முதலிய ஏழு பேர் மதுவை அடியோடு விடுவதாகப் பிரதிக்ஞை எடுத்துக்கொண்டார்கள். தெருவில் அவர்கள் கண்ட காட்சிகள் அப்படி! நான் லிவ்ஸியைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும். போதை மிகுந்த முதல் பால் கடையில் நிலைத்துவிட்டது. சாதுவான இரண்டாம் பால்தான் வீட்டை விட்டு மறைந்தது.

1880-ல் கடைசி அடி விழுந்தது. கிளாட்ஸ்டன் மால்ட் வரியை ஒழித்தார். அதற்காகவே போராடிய குடியானவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் வரியைக் காய்ச்சிய சாற்றின் மேல் மாற்றிப் போட்டதால், யார் எங்கே காய்ச்சுகிறார்கள் என்று சர்க்காருக்குத் தெரியவேண்டியிருந்தது. ஆகவே விற்காமல் சொந்த உபயோகத்துக்கு வீட்டில் காய்ச்சுகிறவர்களும் லைசென்ஸ் எடுக்கவேண்டும் என்று விதித்தார். பெரிய வீடுகளுக்கு லைசென்ஸோடு வரியும் உண்டு. தன் அடுப்பில், தன் பானையில், தன் பிள்ளைகளுக்குக் காய்ச்சுவதற்கு ஒரு தாய் சர்க்காரிடம் சீட்டு வாங்கவேண்டும்! மிச்சமிருந்தவர்களில் பலர் கொப்பரையைக் கவிழ்த்து வைத்தார்கள்.

அந்த வருஷங்களில் இங்கிலாந்தின் கெட்டிலில் விழுந்த தேயிலையும் மாறிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் சீனத் தேயிலை. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் இலங்கை லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார்; 1869 முதல் நோய் கண்டு காப்பிச் செடிகள் அழியவே, மலைகள் முழுவதும் தேயிலையாயின. நூற்றாண்டு முடிவதற்குள் அஸ்ஸாமும் இலங்கையும் சீனாவை இங்கிலாந்துச் சந்தையில் பின்தள்ளிவிட்டன. இலங்கை மலைகளில் கொழுந்து கிள்ளியவர்கள் திருச்சி, மதுரை, சேலம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போன நம் பெண்கள். நார்ஃபோக்கில் ஒருத்தி கொப்பரையை இறக்கிவைத்தாள். எங்கோ நம்மவள் ஒருத்தி கூடையை முதுகில் மாட்டிக்கொண்டாள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது. கணக்குப் புத்தகத்துக்கு மட்டும் தெரியும்.

பிறகு ஒரு வேடிக்கை நடந்தது. 1914-ல் மூண்ட மகா யுத்தத்தில் தானியம் அரிதாகவே, சர்க்காரே பீரை நீர்க்கச் செய்தது. தண்ணீரின் கனத்தை 1000 என்று வைத்தால், யுத்தத்துக்கு முன் காய்ச்சாத பீர்ச் சாற்றின் கனம் சராசரி 1050-க்குச் சற்று மேல்; 1918-ல் அது 1030-ஐ ஒட்டி இறங்கிவிட்டது. ஜனங்கள் அதைச் 'சர்க்கார் ஏல்' என்று கேலி செய்தார்கள். பாட்டிகள் ஆசையோடு வடித்த இரண்டாம் பாலை, மந்திரி சபை உத்தரவு போட்டு வடித்தது!

கடைசியில் 1963 ஏப்ரலில் நிதி மந்திரி ரெஜினால்ட் மாட்லிங் தம் வரவுசெலவுத் திட்டத்தில் அந்த லைசென்ஸை எடுத்துவிட்டார். விற்காதவரையில், வீட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் காய்ச்சலாம். 83 வருஷத் தடை நீங்கியது. அதே வருஷத்தில் சி. ஜே. ஜே. பெர்ரி என்பவர் வீட்டில் பீர் காய்ச்சும் முறையைப் புத்தகமாக வெளியிட்டார். பிறகு டப்பாவில் அடைத்த மால்ட் பாகும், அளவுக் குழாய்களும் கடைக்கு வந்தன. இன்று அங்கே பலர் பழைய முறைப்படி ஒரே மால்ட்டில் இரண்டு வடிப்பு எடுத்து, இரண்டாவதில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவான ஆல்கஹால் உள்ள சின்ன பீர் காய்ச்சுகிறார்கள். சர்க்காருக்கும் புத்தி வந்திருக்கிறது. 2011-ல் மிக மெல்லிய பீருக்கு வரியைக் குறைத்தது. 2023 ஆகஸ்டிலிருந்து 3.5 சதவிகிதத்துக்குக் குறைந்த பீருக்கெல்லாம் அந்தச் சலுகையை நீட்டியிருக்கிறது. முன்னூற்றெண்பது வருஷம் சுற்றிவிட்டு, சின்ன பீருக்குச் சின்ன வரி என்ற 1643-ஆம் வருஷத்து நியாயத்துக்கே திரும்பி வந்திருக்கிறார்கள்.

இவ்வளவையும் எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"அனுமதி கொடுத்துவிட்டார்கள், சரி. எண்பத்துமூன்று வருஷம் ஆகிவிட்டதே; சொல்லிக்கொடுக்க அந்த வீடுகளில் யார் மிஞ்சியிருந்தார்கள்?" என்றாள்.

"அதற்குத்தான் புத்தகம் வந்ததே!"

"தண்ணீரில் முகம் தெரிகிற பதத்தைப் புத்தகம் எப்படிக் காட்டும்?"

எனக்குப் பதில் தோன்றவில்லை. யோசித்துப் பார்த்தால், காபெட் 1821-ல் புத்தகம் எழுதியதே தாய்மார்கள் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நின்றுபோனதால்தானே? கை மறந்த பிறகுதான் காகிதம் தேவைப்படுகிறது. சட்டம் பறித்ததை இன்னொரு சட்டம் ஒரு வரியில் திருப்பிக் கொடுத்துவிடும். பாட்டியை அது திருப்பிக் கொடுக்காது.

அவள் உள்ளே போய்விட்டாள். நாளைக் காலை ஆப்பத்துக்கு மாவு கரைத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. கூடத்தில் புத்தகமும் கையுமாக உட்கார்ந்திருந்த எங்கள் பெண்ணைக் கூப்பிடும் குரல் கேட்டது:

"அதை அப்படி வைத்துவிட்டு இங்கே வாடி. மாவு புளித்திருக்கிறதா, இல்லையா? மோந்து பார்த்து நீயே சொல்."